பிரெத் ஆஃப் த வைல்ட் கேமில் வில்லும் அம்பும்: முழுமையான வழிகாட்டி

2017 மார்ச் 3 அன்று நின்டெண்டோ ஸ்விட்சோடு சேர்ந்து வெளியான 'த லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்' கேமை இன்றும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறைய. அவர்களில் பலர் வாளையும் கேடயத்தையும் வைத்துக்கொண்டே பாதி கேமை ஓட்டிவிடுகிறார்கள். வில் முதுகில் சும்மா தொங்குகிறது. எடுத்து எய்தாலும் அம்பு எதிரியின் காலடியில் போய் விழுகிறது. "பவர் அதிகமுள்ள வில் கிடைக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த கேமில் வில்லின் மேல் எழுதியிருக்கும் எண் இரண்டாம் பட்சம்தான். எங்கே நின்று எய்கிறீர்கள், உடம்பின் எந்த இடத்தில் அடிக்கிறீர்கள் என்ற இரண்டும் சரியாக அமைந்தால், சாதாரண வில்லே பெரிய எதிரியை மண்டியிட வைக்கும்.

முதலில் கன்ட்ரோலை ஒழுங்குபடுத்துங்கள்

இசட்ஆர் பட்டனை அழுத்திப் பிடித்தால் கேமின் நாயகன் லிங்க் வில்லை இழுப்பான், விட்டால் அம்பு பறக்கும். இழுத்த பிறகு மனம் மாறினால் பி பட்டன், அம்பு வீணாகாது. பதற்றத்தில் இசட்ஆரை விட்டு அம்பைத் தொலைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்வது. ஆகவே பி பட்டனை முதல் நாளிலேயே விரலுக்குப் பழக்கிவிடுங்கள்.

வில்லை இழுத்தபடியே டி-பேடின் இடது பக்கத்தை அழுத்திப் பிடித்தால் அம்பு வகைகளின் வரிசை வரும். வலது பக்கத்தை அழுத்தினால் கையிருப்பில் உள்ள வில்கள் வரும். வலது ஸ்டிக்கால் தேர்ந்தெடுக்கலாம். வரிசை திறந்திருக்கும் வரை கேம் அப்படியே நிற்கும், அதனால் அவசரப்பட வேண்டியதில்லை.

அடுத்து ஆப்ஷன்ஸ் பக்கம். கன்ட்ரோலரை அசைத்துக் குறிபார்க்கும் மோஷன் வசதி அங்கே இருக்கிறது. கை ஆடுகிறது என்று அதை அணைத்துவிடுகிறவர்கள் பலர். அணைக்காதீர்கள். அதைப் பயன்படுத்த ஒரு முறை உண்டு:

1. எதிரி இருக்கும் பக்கத்துக்கு வலது ஸ்டிக்கால் குறியைக் கொண்டுபோங்கள். தலைக்கு ஒரு விரல்கடை தள்ளி நின்றால் போதும்.
2. ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுங்கள்.
3. மிச்ச தூரத்தை மணிக்கட்டை மெல்லத் திருப்பிச் சரிசெய்யுங்கள்.
4. குறி தலையில் பட்டதும் இசட்ஆரை விடுங்கள்.

ஸ்டிக்கால் மட்டும் குறிபார்த்தால் குறி தலையைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கும். அதே ஆப்ஷன்ஸ் பக்கத்தில் கேமராவின் வேகத்தையும் மாற்றலாம். குறி தாண்டித் தாண்டிப் போனால் ஒரு படி குறையுங்கள்.

இன்னொரு குறுக்குவழி: இசட்எல் அழுத்தி எதிரியை லாக் செய்துவிட்டு, பிறகு இசட்ஆரை இழுங்கள். குறி எதிரியின் உடம்பிலேயே தொடங்கும். கொஞ்சம் மேலே தூக்கினால் தலை. ஓடிவரும் எதிரிக்கு இது ரொம்பவே உதவும்.

அம்பு ஏன் கீழே விழுகிறது

இங்கே எய்யும் அம்புக்கு ஈர்ப்பு விசை உண்டு. சாதாரண வில்லில் எய்த அம்பு கொஞ்ச தூரம் நேராகப் போய்விட்டு, அப்புறம் வளைந்து இறங்கும். குறி காட்டும் புள்ளியில் அம்பு போய்ப் படுவது பக்கத்தில் இருப்பவற்றுக்கு மட்டும்தான். தூரத்தில் நிற்பவனுக்கு அவன் தலைக்கு மேலே உள்ள வெற்றிடத்தைக் குறிபார்க்க வேண்டும்.

எவ்வளவு மேலே என்பது வில்லைப் பொறுத்தது. ட்ராவலர்ஸ் வில், சோல்ஜர்ஸ் வில் போன்றவற்றில் அம்பு சீக்கிரம் இறங்கிவிடும். பறவை இனமான ரிட்டோ மக்கள் செய்யும் ஸ்வாலோ வில், ஃபால்கன் வில் இரண்டும் ஏறக்குறைய அதைப் போல் இரண்டு மடங்கு தூரம் நேராக அனுப்பும். கெருடோக்களின் கோல்டன் வில்லும் ஷேக்காக்களின் ஃப்ரெனிக் வில்லும் தூரம் போவதோடு, இழுக்கும்போது காட்சியைப் பெரிதாக்கியும் காட்டும். காவல்கோபுரத்தில் நிற்பவனை அடிக்க இவைதான் சரி.

புதிய வில் கைக்கு வந்ததும் ஒரு மரத்தைப் பார்த்து எய்யுங்கள். குறிவைத்த இடத்துக்கும் அம்பு குத்திய இடத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். பத்தடி பின்னால் போய் இன்னொன்று. பிறகு அந்தச் சாதாரண அம்புகளை நடந்துபோய்ப் பிடுங்கிக்கொள்ளலாம், செலவே இல்லை.

உயரத்திலிருந்து கீழ்நோக்கி எய்யும்போது இந்த வளைவு பெரிதாகத் தெரியாது. மேட்டைத் தேடிப் போவதற்கு இதுவே முதல் காரணம்.

தலையில் அடித்தால் இரண்டு மடங்கு

ஹெட்ஷாட் விழுந்தால் டேமேஜ் இரட்டிப்பாகும். இதை எண்ணோடு பார்த்தால்தான் அருமை புரியும். கேமின் சாதாரண எதிரியான போக்கோப்ளினில் சிவப்புக்கு உயிர் 13, நீலத்துக்கு 72, கறுப்புக்கு 240, வெள்ளி நிறத்துக்கு 720.

ட்ராவலர்ஸ் வில்லின் பலம் 5. தலையில் அடித்தால் 10. சிவப்புப் போக்கோப்ளின் ஒரே அம்பில் சாகாது, விழுந்து எழுந்து வரும். சோல்ஜர்ஸ் வில்லின் பலம் 14, அதே எதிரி உடம்பில் எங்கே பட்டாலும் காலி. நீலத்துக்கு நைட்ஸ் வில் (26) தலையில் 52, அதாவது இரண்டு அம்பு. ராயல் வில் (38) தலையில் 76, ஒரே அம்பு. கறுப்புக்கு வரும்போதுதான் ஒற்றை அம்பு வில்கள் மூச்சு வாங்கத் தொடங்கும்.

அங்கேதான் லைனெல் (குதிரை உடம்பும் சிங்க முகமும் கொண்ட பெரிய எதிரி) வைத்திருக்கும் வில்கள் வருகின்றன. சாவேஜ் லைனெல் வில் ஒரே இழுப்பில் மூன்று அம்பு விடும், ஒவ்வொன்றும் 32. மூன்றும் தலையில் பட்டால் 192. ஐந்து அம்பு விடும் வகையும் கிடைக்கும், ஐந்தும் தலையில் பட்டால் 320, கறுப்புப் போக்கோப்ளின் அதோடு சரி. எத்தனை அம்பு பறந்தாலும் கையிருப்பில் குறைவது ஒன்றுதான்.

ஆனால் இந்த அம்புகள் விரிந்து போகும். தூரத்திலிருந்து எய்தால் நடு அம்பு மட்டும் படும், மற்றவை இரண்டு பக்கமும் காற்றில் போகும். கிட்டத்தில் போய் எய்தால்தான் கணக்கு சரியாக வரும். தூரத்துக்கு ஃபால்கன் வில், கிட்டத்துக்கு லைனெல் வில் என்று இரண்டு வேலைக்கு இரண்டு வில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாக்கும் பலத்தைக் கூட்டும் சாப்பாடும் வில்லுக்குச் செல்லும். மைட்டி பனானா ஐந்தைச் சட்டியில் போட்டுச் சமைத்தால் மூன்றாம் நிலை கிடைக்கும், டேமேஜ் ஒன்றரை மடங்கு. மேலே சொன்ன 192 அப்போது 288 ஆகிவிடும்.

எந்த வில்லை வைத்துக்கொள்வது, எதை உடைய விடுவது

தொடக்கத்தில் வில்லுக்கு 5 இடம்தான். உலகமெங்கும் ஒளிந்திருக்கும் கோரோக் விதைகளைச் சேர்த்து, ஹெஸ்டு என்ற பாத்திரத்திடம் கொடுத்து அதைப் பெருக்கலாம். முதல் இடத்துக்கு ஒரே ஒரு விதை, போகப் போக விலை ஏறும். வாளுக்கே எல்லா விதையையும் கொட்டாமல் முதல் இரண்டு மூன்று ஏற்றங்களை வில்லுக்கும் கொடுங்கள்.

எல்லா வில்லும் உடையும். ராயல் கார்ட்ஸ் வில்லின் பலம் 50 என்று பார்த்ததும் வாய் பிளக்கும், ஆனால் 20 முறை எய்தால் கதை முடிந்தது. ராயல் வில் 38தான், 60 முறை தாங்கும். ஹைரூல் கோட்டையில் ராயல் கார்ட்ஸ் வில் கிடைத்தால், பெரிய சண்டைக்கென்று எடுத்து வையுங்கள். காட்டுப் பன்றிக்கு அதை இழுக்காதீர்கள்.

எப்போதும் ஒரு மட்டமான வில் கையில் இருக்கட்டும். போக்கோ வில் போதும், அதன் பலம் வெறும் 4. ஹைனாக்ஸ் என்ற பூதம், கார்டியன் என்ற இயந்திரம் போன்றவற்றின் கண்ணில் அம்பு பட்டாலே அவை தடுமாறும், வில்லின் பலம் அங்கே கணக்கில் வராது. பந்தம் கொளுத்த, தொங்கும் விளக்கை வீழ்த்த, தேன்கூட்டைத் தட்ட, பறவை அடிக்க எல்லாவற்றுக்கும் இதுவே போதும். நல்ல வில்லை இந்த வேலைகளுக்கு இழுத்துத் தேய்த்துவிட்டு, லைனெல் முன்னால் வெறுங்கையோடு நிற்பவர்கள் அநேகம்.

வா மெடோ என்ற பறவை வடிவ தெய்வ மிருகத்தை (கதையில் வரும் நான்கு பெரிய இயந்திரங்களில் ஒன்று) முடித்ததும் கிடைக்கும் கிரேட் ஈகிள் வில் (28, மூன்று அம்பு) கதைப்பொருள் ஆயிற்றே என்று பெட்டியில் பூட்டி வைக்கத் தேவையில்லை. உடைந்தால் ரிட்டோ கிராமத்தில் ஹார்த் என்பவர் ஸ்வாலோ வில், விறகுக்கட்டு, வைரம் இவற்றைக் கொடுத்தால் மறுபடி செய்து கொடுப்பார்.

அம்பு வகைகளும் அவை சொதப்பும் இடங்களும்

*தீ அம்பு.* பனி சார்ந்த எதிரிகளை ஒரே அடியில் வீழ்த்தும். பனி விசர்ரோப், பனி லிசால்ஃபோஸ் பக்கத்தில் போகவே வேண்டாம். காய்ந்த புல்லில் அடித்தால் தீ பரவும். மழையில் பற்றாது. நீங்கள் நிற்பதும் அதே புல்வெளிதான் என்பதை மட்டும் மறக்காதீர்கள், தீ திரும்பி வரும்.

தீ அம்பு தீர்ந்துவிட்டால் சாதாரண அம்பை இழுத்தபடி, அதன் நுனி எரியும் விறகிலோ பந்தத்திலோ படும்படி நில்லுங்கள். பற்றிக்கொள்ளும். ஷ்ரைன்கள் என்ற சோதனை அறைகளில் விளக்கேற்றும் புதிர்களுக்கு இது போதும், காசு கொடுத்து வாங்கிய தீ அம்பை அங்கே செலவழிப்பது அநியாயம்.

*பனி அம்பு.* எதிரியை உறையவைக்கும். உறைந்தவன் மேல் விழும் அடுத்த அடிக்கு மூன்று மடங்கு டேமேஜ். அந்த ஒரு அடியைக் கையில் உள்ளதிலேயே கனமான இருகை ஆயுதத்தால் கொடுங்கள், இன்னொரு சாதாரண அம்பால் உடைத்துவிடாதீர்கள். தீ கக்கும் லிசால்ஃபோஸ், தீ விசர்ரோப் இரண்டும் பனி அம்பு பட்டால் உடனே போய்விடும். வெள்ளி போக்கோப்ளின், வெள்ளி மோப்ளின் மாதிரி உயிர் அதிகமான ஆட்களுக்கு இதைவிட நல்ல அம்பு கிடையாது.

*மின் அம்பு.* பட்டவன் கையிலிருக்கும் ஆயுதம் கீழே விழும், நீங்கள் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளலாம். தண்ணீரிலும் மழையிலும் இன்னும் பெரிய வட்டத்துக்குப் பாயும். மழை வந்தால் தீ அம்புக்குப் பதில் இதுதான்.

*குண்டு அம்பு.* கூட்டமாக நிற்பவர்களுக்கு. இரண்டு இடத்தில் சொதப்பும். மழையில் வெடிக்காது. டெத் மவுண்டனின் கொதிக்கும் பகுதியில் இழுத்த கணத்திலேயே உங்கள் கையிலேயே வெடிக்கும். அங்கே மர வில்லும் தீப்பற்றும். ஆகவே கோரோன் நகரத்துப் பக்கம் போவதற்கு முன் உலோக வில் ஒன்றாவது இருக்கட்டும். எந்த இடமானாலும் மிகக் கிட்டத்தில் குண்டு அம்பு வேண்டாம், அடி உங்களுக்கும் சேர்த்துத்தான்.

*ஏன்ஷியன்ட் அம்பு.* இதைப் பற்றிக் கார்டியன் பகுதியில்.

இடி இடிக்கும்போது உலோக வில் முதுகில் இருந்தால் அதிலிருந்து பொறி பறக்கும். பொறி தெரிந்ததும் மெனுவுக்குப் போய் உலோகப் பொருட்களை எல்லாம் கழற்றுங்கள். வாளைக் கழற்றிவிட்டு வில்லை மறந்து மின்னல் வாங்கிச் சாவது அடிக்கடி நடப்பதுதான்.

காற்றில் நின்று எய்வது

வில் வித்தையின் உயிர்நாடி இதுதான். லிங்க் காற்றில் இருக்கும்போது இசட்ஆரை இழுத்தால் காலமே மெதுவாகிவிடும். எதிரிகள் தேனில் விழுந்த எறும்பு போல நகர்வார்கள், நீங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுக்கலாம். இதற்கு விலை ஸ்டாமினா, அதாவது லிங்க்கின் தெம்பு. பச்சை வட்டம் மளமளவென்று குறையும், தீர்ந்ததும் காலம் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும்.

காற்றில் ஏற நான்கு வழிகள் உண்டு. உயரத்திலிருந்து பாராகிளைடரில் (காற்றில் மிதக்க உதவும் துணி) இறங்குவது எளிது. ஓடும் குதிரையிலிருந்து குதிக்கும்போதும் இழுக்கலாம். கேடயத்தில் சறுக்கும்போது குதித்தும் இழுக்கலாம்: இசட்எல் பிடித்து, எக்ஸ் அழுத்திக் குதித்து, காற்றில் ஏ. நான்காவது, எரியும் புல்லிலிருந்து எழும் சூடான காற்று. சமதரையில் சும்மா ஒரு குதி குதித்தால் போதாது, தரையை விட்டுக் கொஞ்சமாவது மேலே போக வேண்டும்.

புல்வெளியில் நடக்கும் சண்டைக்கு நான்காவது வழியைப் படிப்படியாகப் பாருங்கள்:

1. மழை இல்லை, தரை பாறையோ பனியோ இல்லை என்று பாருங்கள்.
2. உங்களுக்குச் சில அடி முன்னால் புல்லில் ஒரு தீ அம்பு அடியுங்கள்.
3. தீ பரவி மேலே காற்று எழுவது கோடு கோடாகத் தெரியும். அதன் விளிம்புக்கு ஓடிக் குதித்து, எக்ஸ் அழுத்திப் பாராகிளைடரைத் திறங்கள்.
4. மேலே தூக்கிச் சென்றதும் இசட்ஆர். பாராகிளைடர் தானாக மடங்கும், காலம் மெதுவாகும்.
5. இரண்டு அல்லது மூன்று அம்பு விட்டதும் நிறுத்துங்கள். ஸ்டாமினா வட்டத்தில் கால்பங்காவது மிச்சமிருக்கும்போதே எக்ஸ் அழுத்தி மறுபடி பாராகிளைடரைத் திறங்கள்.
6. இன்னும் தீ எரிகிறதா? அதன் மேலேயே திரும்பி வந்து மறுபடி ஏறுங்கள்.

சொதப்பல் நடப்பது ஐந்தாம் படியில். இன்னும் ஒரே ஒரு அம்பு என்று ஆசைப்பட்டு ஸ்டாமினா முழுவதையும் கரைத்துவிட்டால், பாராகிளைடரைப் பிடிக்கவும் சக்தி இருக்காது. உயரத்திலிருந்து விழுந்து சாக வேண்டியதுதான். தவறிப்போய் அப்படி ஆகிவிட்டால், விழும்போதே மெனுவைத் திறந்து ஸ்டாமினா தரும் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். மெனுவில் நேரம் ஓடாது.

இந்தக் காரணத்துக்காகவே ஷ்ரைன்களை முடித்தால் கிடைக்கும் உருண்டைகளைத் தொடக்கத்தில் உயிருக்குப் பதிலாக ஸ்டாமினாவில் போடச் சொல்வேன். நான்கு உருண்டைக்கு வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடும், அதிகபட்சம் மூன்று முழு வட்டம். இரண்டாவது வட்டம் நிறைந்ததும் வில் சண்டையின் சுவையே மாறிவிடும்.

பழக நல்ல இடம் ரிட்டோ கிராமத்துக்கு வடமேற்கே உள்ள ஃப்ளைட் ரேஞ்ச். அங்கே பள்ளத்திலிருந்து காற்று எழுந்துகொண்டே இருக்கும். கதையிலேயே டெபா என்ற ரிட்டோ வீரர் அங்கேதான் உங்களைச் சோதிப்பார்: 3 நிமிடத்தில் 5 இலக்கு. தேறினால் ஃபால்கன் வில்லும் 20 குண்டு அம்பும் தருவார். குளிர் கடுமையானது, கதகதப்பான உடையோடு போங்கள். வா மெடோவை முடித்த பிறகு கிடைக்கும் 'ரெவாலியின் புயல்' என்ற சக்தி நீங்கள் நின்ற இடத்திலேயே காற்றை எழுப்பும், மூன்று முறை. அதன் பிறகு காற்றைத் தேடி அலைய வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே நான்கு தெய்வ மிருகங்களில் முதலில் வா மெடோ பக்கம் போவது லாபம்.

அம்பு சேர்ப்பது

எல்லாக் குதிரை லாயத்திலும் சுற்றித் திரியும் பீடில் என்ற வியாபாரி அம்பு விற்பார். ககாரிகோ கிராமத்தில் அம்புக்கென்றே ஒரு கடை உண்டு. கடந்து போகும்போதெல்லாம் கடையில் இருப்பதை வாங்கிக்கொள்வது நல்ல பழக்கம். மரப்பெட்டி, பீப்பாய் கண்டால் உடையுங்கள், உள்ளே அம்பு இருக்கும்.

இலவச வழியும் ஒன்று உண்டு. வில் வைத்திருக்கும் போக்கோப்ளினை உடனே கொல்லாமல், தூரத்தில் நின்று எய்ய விடுங்கள். தவறி மண்ணில் குத்தும் அம்பெல்லாம் உங்களுக்கு. மரக்கேடயத்தைப் பிடித்து நின்றால் அம்புகள் அதில் குத்தி நிற்கும், கேடயத்தை முதுகில் போட்டதும் அவை உங்கள் கணக்கில் சேரும். உலோகக் கேடயத்தில் இது நடக்காது, அம்பு தெறித்துவிடும்.

மின் அம்புக்கு ப்ளாய்மஸ் மலை. நீர்வாழ் இனமான ஸோரா மக்களின் கதையில் 20 மின் அம்பு சேர்க்கச் சொல்லி அங்கேதான் அனுப்புவார்கள். மேலே ஒரு லைனெல் நடமாடும். மரங்களிலும் மண்ணிலும் குத்தியிருக்கும் அம்புகளைக் குனிந்தபடி பொறுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிடலாம். அந்தக் கட்டத்தில் சண்டைக்குப் போவது வீண் வீம்பு.

முகாமை ஒழிப்பது

இரவில் போங்கள், போக்கோப்ளின்கள் தூங்கும். இடது ஸ்டிக்கை அமுக்கிக் குனியுங்கள். முதல் அம்பு எப்போதும் காவல்கோபுரத்தில் ஊதுகொம்பு வைத்திருப்பவனுக்கு. அவன் ஊதிவிட்டால் மொத்த முகாமும் எழுந்துவிடும். அடுத்தது சிவப்பு வெடிபீப்பாய். மண்டையோட்டு வடிவக் குகை முகாம்களில் பீப்பாய்க்கு மேலே விளக்கு தொங்கும். சாதாரண அம்பால் விளக்கை வீழ்த்தினால் மிச்ச வேலையைத் தீ பார்த்துக்கொள்ளும். மிஞ்சியவர்களில் முதலில் வில்காரர்கள், கடைசியில் கத்திக்காரர்கள். மரத்தில் தேன்கூடு தொங்கினால் அதையும் தட்டிவிடுங்கள். தேனீ கொட்ட, ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

கண் உள்ள பெரியவர்கள்

ஹைனாக்ஸுக்கு ஒற்றைக் கண். அதில் ஒரு அம்பு, தொப்பென்று உட்கார்ந்து கண்ணைப் பொத்திக்கொள்ளும். வாளால் வெட்டுங்கள். எழுந்ததும் மறுபடி கண். கொஞ்ச நேரத்தில் சுதாரித்துக்கொண்டு கையால் கண்ணை மறைக்கும். அப்போது அம்பை வீணடிக்காமல், கையை எடுத்து அடிக்க ஓங்கும் வரை காத்திருங்கள்.

கார்டியன் சிவப்புக் கதிரால் உங்களைக் குறிவைக்கும்போது 'பீப்' சத்தம் வேகம் பிடிக்கும். அந்த நேரத்தில் கண்ணில் எந்த அம்பு பட்டாலும் குறி கலைந்து தடுமாறும். போக்கோ வில்லே போதும் என்று சொன்னது இதற்குத்தான். கால்களில் நடக்கும் கார்டியனுக்கு உயிர் 1500, ஆகவே சாதாரண அம்பால் கொல்ல நினைக்க வேண்டாம். தடுமாற வைத்து, கிட்டே ஓடிக் கால்களை வெட்டுங்கள்.

ஏன்ஷியன்ட் அம்பு இருந்தால் கண்ணில் ஒன்று போதும், வெடித்துச் சிதறும். உடம்பில் பட்டால் அப்படி ஆகாது, கண்தான் வேண்டும். அக்காலா ஆய்வுக்கூடத்தில் ராபியின் இயந்திரம் இதைச் செய்து தரும். ஒன்றுக்கு 90 ரூபி, ஏன்ஷியன்ட் ஸ்க்ரூ 2, ஏன்ஷியன்ட் ஷாஃப்ட் 1, சாதாரண அம்பு 1. லைனெலையும் இது ஒரே அம்பில் மறைய வைக்கும், ஆனால் அதன் வில், வாள், கொம்பு எதுவும் மிஞ்சாது. லைனெலைக் கொல்வதே அந்தச் சாமான்களுக்காகத்தான் என்பதால், அங்கே இதைச் செலவழிப்பது அசட்டுத்தனம்.

லைனெல்: வில்லின் உண்மையான தேர்வு

சிவப்பு முடி லைனெலுக்கு உயிர் 2000, நீலத்துக்கு 3000, வெள்ளைக்கு 4000, வெள்ளி நிறத்துக்கு 5000.

1. தூரத்தில் நிற்காதீர்கள். தூரம் போனால் அது வானத்தை நோக்கி அம்பு எய்து உங்கள் தலையில் பொழியும். சில எட்டு தூரத்தில் வட்டமிடுங்கள்.
2. ஒரு தாக்குதல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் முகத்தில் எய்யுங்கள். மூன்று அம்பு விடும் வில்லாக இருந்தால் கிட்டத்தில் மூன்றும் முகத்திலேயே விழும்.
3. மண்டியிட்டுத் தடுமாறும். பக்கவாட்டில் ஓடி ஏ அழுத்தி முதுகில் ஏறுங்கள்.
4. கையிலுள்ள மிகக் கனமான ஆயுதத்தால் வெட்டுங்கள். முதுகிலிருந்து வெட்டும்போது ஆயுதம் தேயாது.
5. உதறித் தூக்கி எறியும். பயப்படாதீர்கள், இதுதான் பரிசு: நீங்கள் இப்போது காற்றில் இருக்கிறீர்கள். உடனே இசட்ஆர். காலம் மெதுவாகும், கீழே நிற்கும் முகத்தில் மறுபடி எய்யுங்கள்.
6. தரையிறங்கி மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

கையில் வில் இருக்கும்போது கேடயம் தடுக்காது என்பதால், இரண்டாம் படியில் இழுத்தபடியே காத்து நின்றால் பாய்ந்து வரும் அடி நேராக உடம்பில் விழும். வாய்ப்பு இல்லை என்று தெரிந்தால் பி அழுத்தி ஓடுங்கள். ஐந்தாம் படியில் ஸ்டாமினா மிச்சமில்லாமல் தரையிறங்கினாலும் ஆபத்துதான், அடுத்த அடியிலிருந்து ஓட முடியாது.

டியர்ஸ் ஆஃப் த கிங்டமில் என்ன மாறியது

2023 மே 12 அன்று வந்த அடுத்த பாகத்தில் ஹெட்ஷாட்டும் காற்றில் காலம் மெதுவாவதும் அப்படியே இருக்கின்றன. வான்தீவிலிருந்து தலைகீழாக விழும்போதும் இழுக்கலாம். தீ அம்பு, பனி அம்பு என்று தனித்தனியாகக் கிடையாது. வில்லை இழுத்தபடி டி-பேடின் மேல்பக்கத்தை அழுத்தி, பையில் உள்ள பொருளை அம்பு நுனியில் மாட்ட வேண்டும். தீப்பழம் மாட்டினால் தீ அம்பு. குண்டுப்பூ மாட்டினால் குண்டு அம்பு. கீஸ் என்ற வௌவாலின் கண்ணை மாட்டினால் அம்பு எதிரியைத் தேடிப் போகும், கீஸ் இறக்கையை மாட்டினால் அதிக தூரம் பறக்கும். மடில் பட் என்ற மொட்டை மாட்டி எய்தால் எதிரிகள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு அம்புக்கும் மறுபடி மாட்ட வேண்டும், அதுதான் எரிச்சல். பட்டியல் நீண்டுகொண்டே போகும் என்பதால், அதை அதிகம் பயன்படுத்தியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தி வையுங்கள். குகைகளில் பறக்கும் கீஸ் கூட்டத்தை விட்டுவைக்காமல் அடித்துக் கண்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பறந்தபடி தாக்கும் எதிரிகளைக் குறிபார்க்கத் திணறும்போது அவைதான் கைகொடுக்கும்.